டூல் கிட்டில் வந்த கத்தி: எலக்ட்ரீசியன் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

தமிழ்நாட்டின் ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரீசியன், ஒயர்மேன் பிரிவுகளில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்களுக்கும், படிப்பை முடித்துச் சைட்டுகளில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் அக்காமார்களுக்கும் இதை எழுதுகிறேன். பல காலமாக எலக்ட்ரீசியன் பிரிவில் பயிற்சி ஆசிரியராக இருப்பவன் நான். இந்த மடல் ஒரே ஒரு சாமானைப் பற்றியது. உங்கள் டூல் கிட்டில் கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், நியான் டெஸ்டர், போக்கர் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மடக்குக் கத்தி கிடக்கும். பாடத்திட்டத்தின் கருவிப் பட்டியலில் அதன் பெயர் ‘இரட்டை அலகு எலக்ட்ரீசியன் கத்தி, 100 மி.மீ.’ அதை வெளியே எடுங்கள். மடக்கிப் பேண்ட் பாக்கெட்டில் போடுங்கள். இந்தத் தொழிலில் இருக்கும் காலம் முழுக்க அது அங்கேயே இருக்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் மீதிக் கடிதம்.

கிட்டில் வரும் சாமான்களில் ஆகக் குறைந்த மரியாதை இதற்குத்தான். பிளேயர் தொலைந்தால் அன்றைக்கே தேடுவார்கள். கத்தி தொலைந்தால் செய்முறைத் தேர்வு வரும்வரை யாருக்கும் தெரியாது. கடையில் வாங்கினாலும் 200, 300 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிற பொருள், பார்வைக்கும் சாதாரணம், அதனால் மதிப்பில்லை. ஆனால் அது செய்ய வேண்டிய வேலை எங்கும் போய்விடவில்லை. வேறு எது எதுவோ அதைச் செய்துகொண்டிருக்கிறது. எந்தச் சைட்டுக்கும் போய்ப் பாருங்கள். ஒடிந்த ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, மறுமுனையைக் கிரைண்டரில் பிடித்துக் கூராக்கி வைத்திருப்பார்கள். அதற்கு மூடியும் கிடையாது, மடக்கவும் முடியாது. பாக்கெட்டில் போட்டால் துணியைக் கிழிக்கும், உட்கார்ந்தால் தொடையைக் குத்தும். இன்னொருவர் பர்ஸுக்குள் பாதி சவர பிளேடு வைத்திருப்பார். இரண்டும் இல்லாதவர் ஒயரை வாய்க்குள் கொடுத்துப் பல்லால் உரிப்பார். முன்பல்லின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருக்கும் ஒயர்மேன்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அது தொழிலின் அடையாளம் என்று சிலர் பெருமையாகக்கூடச் சொல்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 300 ரூபாய்க்கு உள்ளே முடிகிற விஷயத்துக்கு ஒருவர் தன் பல்லைக் கொடுத்திருக்கிறார்.

‘ஸ்ட்ரிப்பர் இருக்கும்போது கத்தி எதற்கு சார்?’ என்று வகுப்பில் எப்போதும் ஒருவர் கேட்பார். சரியான கேள்வி. 1 சதுர மி.மீ., 1.5 சதுர மி.மீ. ஒயர்களுக்கு ஸ்ட்ரிப்பரையே பிடியுங்கள். அளவுக்கேற்ற பள்ளத்தில் வைத்து அழுத்தினால் கம்பி தொடப்படாமல் உறை மட்டும் கழன்று வரும். கத்தியைவிட வேகம், கத்தியைவிடப் பத்திரம். ஆனால் மீட்டர் பலகைக்கு வரும் தடித்த கேபிளின் வெளியுறையை அந்தப் பள்ளம் கவ்வாது. பி.வி.சி. பைப்பை ரம்பத்தால் அறுத்த பிறகு உள்விளிம்பில் நிற்கும் பிசிறை ஸ்ட்ரிப்பர் எடுக்காது. எடுக்காமல் விட்டால் ஒயர் இழுக்கும்போது அந்தப் பிசிறு உறையைச் சீவிவிடும், சுவருக்குள்ளே நடப்பதால் கண்ணுக்கும் தெரியாது. புது ஸ்விட்ச் வந்த அட்டைப்பெட்டி, ஒயர் காயிலின் கட்டு, சாரத்தில் தொங்கும் நைலான் கயிறு, பழைய ஜாயிண்டில் இறுகிப்போன டேப் என்று ஒரு நாளில் வெட்ட வேண்டியவை வந்துகொண்டே இருக்கும். அட்டை வெட்ட ஒடிக்கும் கட்டர் நல்ல சாமான்தான். ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா 1956இல் கண்டுபிடித்தது அது. மழுங்கிய முனையை ஒடித்தெறிந்துவிட்டுப் புது முனையோடு தொடரலாம் என்கிற யோசனை அருமையானது. ஆனால் கேபிள் உறையில் பக்கவாட்டு அழுத்தம் கொடுத்தால் அந்த மெல்லிய பிளேடு வளையும், ஒடியும், துண்டு முகத்தை நோக்கித் தெறிக்கும். அந்த வேலைக்கு முதுகு தடித்த கத்தி வேண்டும்.

உங்கள் கத்தியில் இரண்டு அலகுகள் இருப்பது அலங்காரத்துக்காக இல்லை. ஒன்று கூரானது, உறையை உரிக்க. மற்றது கூரில்லாமல் சொரசொரப்பாக இருக்கும். உரித்த கம்பியின் மேல் படிந்திருக்கும் பாசியையும் கறையையும் சுரண்டிச் சுத்தம் செய்ய. இந்த இரண்டாவது அலகைத் திறந்தே பார்க்காமல் படிப்பை முடிப்பவர்கள் உண்டு. அலுமினியக் கம்பியின் மேல் எப்போதும் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது. சுரண்டாமல் போட்ட ஜாயிண்ட் சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உரிக்கிற விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழக்கமில்லாத கை முதலில் செய்வது, கத்தியைக் கம்பிக்குச் செங்குத்தாக வைத்து வட்டமாக ஒரு சுற்று அறுத்து, உறையை இழுத்துக் கழற்றுவது. சுத்தமாகக் கழன்று வரும். பார்க்கவும் அழகாக இருக்கும். அந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்பியைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு கீறல் விழுந்திருக்கும். பல இழைக் கம்பியாக இருந்தால் வெளியிழைகள் இரண்டு மூன்று அறுந்தே போயிருக்கும். கீறல் விழுந்த இடத்தில் கம்பியின் குறுக்களவு குறைகிறது, அங்கே சூடு கூடுகிறது. அலுமினியமாக இருந்தால் டெர்மினலில் வளைத்துச் சொருகும்போது சரியாக அந்தக் கோட்டில் முறியும். அன்றைக்கே முறிந்தால் நல்லது. ஒரு வருஷம் கழித்து, ஏசி ஓடும் சித்திரை மாத இரவில் முறிந்தால் யாருடைய வீடு என்று யோசியுங்கள்.

கத்தியைப் படுக்க வைக்க வேண்டும். அலகுக்கும் ஒயருக்கும் நடுவே கோணம் 20 டிகிரிக்குள். பென்சில் சீவுவது போல, உங்களை விட்டு வெளிப்பக்கமாக, சாய்வாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். கத்தி கம்பியைத் தொட்டாலும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே இறங்காது. பிடிக்கிற கையின் கட்டைவிரல் அலகு போகும் பாதையில் இருக்கக் கூடாது. இது ஒரு நாளில் வராது. வீணாய்ப் போன துண்டு ஒயர்கள் லேபில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், எடுத்துச் சீவுங்கள். மழுங்கிய கத்தியில் இது எப்போதும் வரவே வராது. மழுங்கியதை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் போய் நிற்கும் இடம் இடது கை. வேலையிடத்தில் கத்திக்காயம் பட்டவர்களின் கத்தியை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அது மழுங்கியதாகத்தான் இருக்கும்.

மின்சாரம் ஓடும் ஒயரில் இந்தக் கத்தி வேண்டவே வேண்டாம். பிடி பிளாஸ்டிக்கோ மரமோ எதுவானாலும் சரி. அலகைத் தாங்கும் ஆணி பிடியைத் துளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வெளியே தெரிகிறது, பாருங்கள். உங்கள் உள்ளங்கை படுவது அதன் மேல்தான். மெயினை நிறுத்தி, டெஸ்டரால் சோதித்த பிறகே கத்தியைத் திறக்க வேண்டும்.

இனி அந்தக் கத்தி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்தான் அதைப் பத்திரமாகக் கையாள்வார். அலகின் நகக்குழியில் நகத்தைக் கொடுத்து மெல்லத் திறங்கள். பாதி தூரம் வரை எதிர்ப்பு இருக்கும். பிறகு தானாக இழுத்துக்கொண்டு ‘டக்’கென்று நிற்கும். அப்படி இழுப்பது ஒரு வில். பிடியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டைதான் அது. அலகின் அடிப்பகுதி அந்த வில்லைத் தூக்கிவிட்டுத் திரும்புகிறது. முழுதாகத் திறந்ததும் வில் தட்டையான பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இதில் பூட்டு எதுவும் கிடையாது. வில்லின் அழுத்தம் ஒன்றுதான் அலகை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே கூர்ப்பக்கத்தால் வெட்டும்வரை அலகு இன்னும் திறக்கும் திசையில்தான் தள்ளப்படுகிறது, ஆபத்தில்லை. முனையால் குத்தித் துளை போட்டாலோ, முதுகில் தட்டினாலோ, மடங்கும் திசையில் விசை போகிறது. அலகு விரல்களின் மேல் வந்து விழும். துளை போடப் போக்கர் இருக்கிறது. திருகு கழற்ற ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது. கம்பியை வெட்டப் பிளேயர் இருக்கிறது. கத்தி வெட்டவும் சீவவும் மட்டும்.

பூட்டு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் எளிய வழி உண்டு. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் விவசாயிகளுக்காக ஒரு கத்தி செய்தார். பீச் மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம், வேறொன்றும் இல்லை. 1955இல் அந்தக் குடும்பம் அதில் திருகும் வளையம் ஒன்றைச் சேர்த்தது. அலகைத் திறந்துவிட்டு வளையத்தை விரலால் திருப்பினால் அலகு மடங்க வழியில்லாமல் பூட்டிக்கொள்கிறது. இன்றுவரை அதே வடிவத்தில் விற்கிறது, இன்றும் அந்த நாட்டில் சாதாரணக் கூலிக்காரரும் யோசிக்காமல் வாங்குகிற விலை. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1985இல் உலகின் மிக அழகான பொருள்கள் நூறில் ஒன்றாக இதைச் சேர்த்தது. மாடு மேய்ப்பவர்களும் ரொட்டி வெட்டுபவர்களும் வைத்திருக்கும் கத்தி அது. விலை குறைந்த கருவிக்கு அழகு வராது என்று நம்புகிறவர்கள் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கிட்டில் வந்த கத்தியை மதிக்காத பிள்ளைகளில் சிலர், அதே சமயம் போனில் தேடி 500, 800 ரூபாய்க்கு வேறொரு கத்தி வாங்குகிறார்கள். உடம்பெல்லாம் கறுப்பு வண்ணம், அலகில் மண்டையோட்டுப் படம், பாதி விளிம்பில் பற்கள், பொத்தானைத் தொட்டால் பாய்ந்து திறக்கும் வேகம். நான் அவற்றை வாங்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எந்த எஃகு என்று எங்கும் எழுதியிருக்காது. அலகு 3, 4 மி.மீ. தடிமன், ஆப்பு மாதிரி பிளக்குமே தவிர உறையைச் சீவாது. பல் போட்ட விளிம்பைச் சாதாரணக் கல்லில் தீட்ட முடியாது. ஒருமுறை மழுங்கினால் அவ்வளவுதான். தொழிலுக்கு அது எந்த வகையிலும் உதவாது. பயமுறுத்தத்தான் உதவும்.

அதுவே பெரிய சிக்கல். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றை அதிலிருந்து விலக்குகின்றன. உங்கள் எலக்ட்ரீசியன் கத்தி அந்த அளவுகளுக்குப் பக்கத்தில்கூட வராது, போதாததற்கு அது தொழிற்கருவி. பொத்தான் கத்தியின் கதை வேறு. டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை, ஸ்பிரிங்காலோ பொத்தானாலோ திறக்கும் கத்திகளைத் தனியாகக் குறித்து, அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் இருந்தாலே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அது வெறும் 3 அங்குலம். வேலைக்காக வடக்கே போகும் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அளவு மட்டும் போதாது, எதற்காக வைத்திருந்தோம் என்பதும் பார்க்கப்படும். அரிவாளோடும் கத்தியோடும் ரீல்ஸ் போட்டுக் கைதான இளைஞர்களின் செய்தி வாரம் தவறாமல் வருகிறது. அதில் உங்கள் வயதுப் பையன்கள்தான் இருக்கிறார்கள். கத்தியைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள், விளையாட்டுக்கும் யாரை நோக்கியும் நீட்டாதீர்கள். விமான நிலையம், மெட்ரோ, நீதிமன்றம் போன்ற சோதனை உள்ள இடங்களுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்; விமானத்தில் போனால் செக்-இன் பெட்டிக்குள். போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டால் ஒளிக்கவோ தடுமாறவோ வேண்டாம்: ‘எலக்ட்ரீசியன் சார், ஒயர் உரிக்கிற கத்தி.’ அடையாள அட்டையும் பக்கத்தில் டெஸ்டரும் இருந்தால் அந்தப் பதிலை யாரும் நம்புவார்கள்.

ஒரு கத்தி தன் தொழிலை இழந்து ஆயுதம் என்ற பெயரை வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்து ராம்பூர் சாட்சி. மடக்குக் கத்திக்கு நவாபுகள் காலத்திலிருந்து பேர்போன ஊர். பிடியில் வேலைப்பாடு செய்யும் கைவினைஞர்கள் தெருத்தெருவாக இருந்தார்கள். இந்திப் படங்களின் வில்லன்கள் கையில் ‘ராம்பூரி’ ஏறியது, 1990களில் நீள அலகுக்கு மாநில அரசு தடை போட்டது, தொழில் சுருங்கிப்போனது. நம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் சினிமா செய்தது அதுதான். பட்டறையில் அடிப்பவர் கருவேலம் வெட்டவும் வாழைத்தார் வெட்டவும் அடிக்கிறார், ஊருக்குள் அதன் பெயரைச் சொன்னால் வேறு ஏதோ நினைக்கிறார்கள்.

ஜப்பானிலும் இது நடந்தது. ஹியோகோ மாகாணத்து மிகி நகரில் 1890களில் தோன்றிய ‘ஹிகோனொகாமி’ என்ற மலிவான மடக்குக் கத்தி, ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய பென்சில் பெட்டியிலும் இருந்தது. மடித்த தகட்டுப் பிடி, அலகின் அடியில் கட்டைவிரலால் அழுத்த ஒரு சிறு நெம்பு, பூட்டுமில்லை, வில்லுமில்லை. 1960 அக்டோபர் 12 அன்று சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவை மேடையிலேயே 17 வயதுப் பையன் ஒருவன் கொன்றான். அவன் கையில் இருந்தது குறுவாள். ஆனாலும் அதன் பிறகு ‘பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்’ என்ற இயக்கம் நாடெங்கும் எழுந்து, பென்சில் சீவுகிற கத்தி பெட்டிகளிலிருந்து மறைந்தது. அந்தப் பெயரில் கத்தி செய்ய உரிமையுள்ள பட்டறை இன்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஆனால் நாகானோவில் ஒரு தொடக்கப்பள்ளி, ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு அதே கத்தியைக் கொடுத்துப் பென்சில் சீவக் கற்றுத்தருகிறது. பயந்து பிடுங்குவதைவிடக் கற்றுக்கொடுப்பது மேல் என்று அந்த ஆசிரியர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். என் கட்சியும் அதுதான்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘தற்காப்புக்கு ஒரு கத்தி வைத்துக்கொள்’ என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அக்கறையில் சொல்வது. ஆனால் நெருக்கத்தில் நடக்கும் தள்ளுமுள்ளில் கத்தி யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. மடக்குக் கத்தியைத் திறக்கவே இரண்டு கையும் நிதானமும் வேண்டும். ஆபத்தில் ஓடுவதும் கத்துவதும் போனை எடுப்பதும்தான் உங்களைக் காக்கும். கத்தியை வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்காக. ஆண்கள் நிறைந்த சைட்டில் ‘அண்ணா, கொஞ்சம் உங்க கத்தி கொடுங்க’ என்று கேட்டு நிற்க வேண்டியிராமல், உங்கள் கருவி உங்கள் பையிலேயே இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று வேலைக்குப் போனதும் தெரியும்.

இனித் தீட்டுவது. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். புதுக் கத்தி கடையிலிருந்து வரும்போது முழுக் கூரோடு வராது. அதைக் கிரைண்டரில் கொண்டுபோய்ப் பிடிக்காதீர்கள். பொறி பறக்கும், விளிம்பு கண் மூடித் திறப்பதற்குள் நீலம் பாயும். நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். எஃகின் பதம் போய்விட்டது, இனி எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. கையால் தீட்டும் கல் போதும். ஹார்டுவேர் கடையில் ‘ஆயில் ஸ்டோன்’ என்று கேட்டால், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமுமாக இரட்டைக் கல் கொடுப்பார்கள். பலர் ‘கார்பரண்டம் கல்’ என்பார்கள். நம் சென்னையின் கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் தொடங்கியது முதல் இந்த ஊரில் நன்கு பழகிய பொருள் அது. கத்தி வாங்கும் காசில் பாதியாவது கல்லுக்கு ஒதுக்குங்கள்.

கல்லை ஈரத்துணி மேல் வையுங்கள், நகராது. கல்லின் மேல் தண்ணீரோ மெஷின் எண்ணெயோ விடுங்கள். கோணம் பக்கத்துக்கு 20 டிகிரி. அதை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். ஒர்க்‌ஷாப் கால்குலேஷனில் படித்த சைன் இங்கே உதவும்: சைன் 20 என்பது 0.342. அலகின் அகலம் 15 மி.மீ. என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து 5 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். விளிம்பு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்பின் நுனிவரை மை போயிருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் போய் நுனியில் மை நின்றால் முதுகை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். சொரசொரப்பான பக்கத்தில் ஒரே பக்கமாகத் தீட்டிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்க விளிம்பில் விரலைக் குறுக்கே மெல்ல நகர்த்தினால் முடியளவு பிசிறு தட்டுப்படும், அடியிலிருந்து நுனிவரை. விளிம்பு முழுக்கக் கல்லைத் தொட்டுவிட்டது என்பதற்கு அந்தப் பிசிறுதான் அத்தாட்சி. பிறகு மறுபக்கம் அதே மாதிரி. பிறகு கல்லைத் திருப்பி நயமான பக்கத்தில், அழுத்தமே இல்லாமல், மாற்றி மாற்றி ஒவ்வோர் இழுப்பு. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், விளிம்புக்கு எதிர்த்திசையில் இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். கூரைக் கட்டைவிரலில் சோதிக்காதீர்கள். செய்தித்தாளின் ஓரத்தை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல், சத்தமில்லாமல் இறங்கினால் தீர்ந்தது. கூரான அலகுக்கு மட்டும்தான் இதெல்லாம். சுரண்டும் அலகை அப்படியே விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை மாதிரி உப்புக்காற்று ஊர்களில் கார்பன் எஃகு சீக்கிரம் துரு ஏறும். சாயங்காலம் துடைத்து வைத்தால் போதும். அலகு கறுத்துப்போவது துரு இல்லை, பயப்பட வேண்டாம். ஆணியிலும் வில்லிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். கேபிள் உரித்த கத்தியால் மாங்காய் நறுக்கித் தின்னும் பழக்கம் சைட்டில் உண்டு, அதை விட்டுவிடுங்கள்; பி.வி.சி. உறைகளில் ஈய உப்பு சேர்ப்பது நெடுங்கால வழக்கம், அது வயிற்றுக்குப் போகக் கூடாது. பழத்துக்குத் தனிக் கத்தி வையுங்கள். சட்டைப் பாக்கெட்டில் கத்தி வேண்டாம், ஏணியில் குனிந்தால் கீழே நிற்பவர் தலையில் விழும். யாருக்காவது கொடுக்கும்போது மடக்கியே கொடுங்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் வீடுகளில் கீழே வைத்து எடுக்கச் சொல்வார்கள். திறந்த அலகு கைமாறாமல் இருப்பதால் நானும் அந்த வழக்கத்தின் பக்கம்தான்.

என்னோடு பணியாற்றும், எனக்குப் பின் வந்த பயிற்சி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. தொலைந்துவிடும், சண்டை வரும் என்ற பயத்தில் கத்திகளை மட்டும் எடுத்து பீரோவில் பூட்டிவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஆய்வுக்கு வருபவர்கள் வரும் நாளில் புதுசாக வெளியே வரும், மறுநாள் உள்ளே போகும். நம் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் பூட்டி வைத்த கத்தியால் ஒரு மாணவர்கூடச் சீவக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. வெளியே போய் ஹேக்ஸா பிளேடையும் பல்லையும்தான் எடுப்பார். எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள், கல்லையும் பக்கத்தில் வையுங்கள். முதல் மாதத்திலேயே ஒரு முழு நாளைத் தீட்டுவதற்கு ஒதுக்குங்கள்.

பிள்ளைகளே, இந்தக் கத்திக்கு நீங்கள் கூடுதலாக எதையும் செலவழிக்க வேண்டியதில்லை. கிட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தொலைந்திருந்தால் இரண்டு டீ, ஒரு சாப்பாட்டுக் காசு சேர்த்து அதே மாதிரி இன்னொன்று வாங்குங்கள். அதைவிட விலை கூடியது வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தீட்டுங்கள். திங்கட்கிழமை வகுப்புக்கு வரும்போது அது உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். அடுத்த ஒயரைப் பல்லில் கடிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பயிற்சி ஆசிரியர்களில் ஒருவன்